யாருடைய குடும்பத்துக்கு வரிச் சலுகை?

ஒன்றிய பட்ஜெட் நெருங்கும் மாதங்களில் ஒரு கோரிக்கை தவறாமல் தலைதூக்குகிறது. தனிநபரை மட்டும் பார்த்து வருமான வரி விதிக்கும் முறையைக் கைவிட்டு, குடும்பத்தை ஓர் அலகாகக் கொண்டு சலுகை தர வேண்டும் என்பதே அது. 2025 பட்ஜெட்டுக்கு முன்னதாக இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம், கணவனும் மனைவியும் விரும்பினால் கூட்டாகக் கணக்குத் தாக்கல் செய்ய அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அமெரிக்காவில் உண்டு, ஜெர்மனியில் உண்டு, இந்தியாவில் ஏன் இல்லை என்ற கேள்வி அதிலிருந்து மேலும் பரவியிருக்கிறது.

பெங்களூரில் இக்கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. பன்னாட்டு நிறுவனங்களின் கிளைகளை நிர்வகிக்க அயல்நாடுகளிலிருந்து குடும்பத்துடன் வந்து தங்கும் அதிகாரிகள் அங்கே கணிசமாக இருக்கிறார்கள். சொந்த நாட்டில் மனைவிக்கும் குழந்தைகளுக்குமாகக் கிடைத்த வரிக்கழிவு இங்கே இல்லை என்பது அவர்களின் குறை. சட்டப்படி பார்த்தால் குறை உண்மையானதே. புதிய வரிமுறையில் மணமானவருக்கும் மணமாகாதவருக்கும், குழந்தை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே அடுக்குதான். பழைய முறையில் இரு குழந்தைகளின் கல்விக் கட்டணம் கழிகிறது. அதுவும் சேமநிதி, ஆயுள் காப்பீடு எல்லாவற்றோடும் சேர்ந்து 1.5 லட்ச ரூபாய் வரம்புக்குள்தான்.

ஆனால் அதே நகரத்தில் இன்னொரு புலம்பெயர் தொழிலாளி இருக்கிறார். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து ஓசூர் வழியாகப் போய்ப் பொம்மனஹள்ளியிலும் பீன்யாவிலும் தைக்கிறார். மேம்பாலத்துக்குக் கம்பி கட்டுகிறார். பிள்ளைகள் பாட்டி வீட்டில் வளர்கிறார்கள். குடும்பம் ஊரில், உழைப்பு நகரில் என்று இரண்டாகப் பிளந்த வாழ்க்கை அவருடையது. வெளிநாட்டு அதிகாரிக்கு ஆங்கிலம் மரியாதையான ஒரு சொல் வைத்திருக்கிறது. இவருக்கு வைத்திருக்கும் சொல் வேறு. குடும்பச் சலுகை பற்றிய விவாதத்தில் முதலாமவர் மட்டுமே பேசப்படுகிறார்.

சட்டம் காணும் குடும்பம்

இந்திய வரிச் சட்டத்துக்குக் குடும்பம் என்ற ஒன்றே தெரியாது என்பது முழு உண்மையன்று. ஒரு காலத்தில் அது நன்றாகவே தெரிந்திருந்தது. 1955 பட்ஜெட்டில் மணமானவர்க்கும் மணமாகாதவர்க்கும் வேறு வேறு விலக்கு வரம்புகள் வந்தன. 1958ஆம் ஆண்டில் மணமாகாதவருக்கு வரியற்ற வருமானம் 1,000 ரூபாய்; மணமானவருக்கு 3,000; ஒரு குழந்தை இருந்தால் 3,300; ஒன்றுக்கு மேல் இருந்தால் 3,600. பின்னாளில் அது கைவிடப்பட்டது.

கைவிடப்படாத ஒரு குடும்பம் உண்டு: இந்து கூட்டுக் குடும்பம். 1922ஆம் ஆண்டின் காலனியச் சட்டத்திலிருந்து 1961ஆம் ஆண்டுச் சட்டம் வழியாக 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வரை அது தனியொரு வரி செலுத்துநராகவே தொடர்கிறது. அதற்குத் தனி நிரந்தரக் கணக்கு எண். தனி விலக்கு வரம்பு. புதிய முறையில் குடும்பத் தலைவருக்கு 4 லட்ச ரூபாய் என்றால் அவருடைய கூட்டுக் குடும்பத்துக்கு இன்னொரு 4 லட்சம். ஆனால் சம்பளத்தை இதன் கணக்கில் காட்ட முடியாது. மூதாதையர் சொத்து, வாடகை, வட்டி, குடும்ப வணிகம் ஆகியவற்றின் வருமானத்தையே காட்ட முடியும். ஆக, இந்தியச் சட்டம் அங்கீகரிக்கும் குடும்பம் சொத்துள்ள குடும்பம். அதிலும் இந்து, சீக்கிய, சமண, பௌத்தக் குடும்பம். இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் எவ்வளவு கூட்டாக வாழ்ந்தாலும் அந்தக் கதவு அவர்களுக்குத் திறக்காது.

கேரளம் 1975இலேயே சட்டம் இயற்றி, 1976 டிசம்பர் முதல் இந்து கூட்டுக் குடும்ப முறையை ஒழித்தது. 2018 ஆகஸ்டில் சட்ட ஆணையம் வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கை, வரி தவிர்ப்புக்குப் பயன்படும் இந்த ஏற்பாட்டை நீக்கலாம் என்றது. பொது சிவில் சட்டம் என்று ஊர்தோறும் முழங்கும் பாஜக, இந்த ஒரு சமயவழிச் சலுகையைப் பற்றி வாய் திறப்பதில்லை. வணிகக் குடும்பங்களின் வாக்கும் நன்கொடையும் எந்தப் பக்கம் என்பது அதற்குத் தெரியும்.

வெளிநாட்டு அதிகாரியின் குறைக்குத் திரும்புவோம். குடும்பக் கழிவு இல்லை என்பது சரி. ஆனால் அவருக்கு வேறு என்னென்ன இருக்கிறது? அயல்நாட்டு நிறுவனத்தின் ஊழியராக 90 நாளுக்கு மிகாமல் வந்துபோனால், அந்நிறுவனத்துக்கு இங்கே தொழில் ஏதும் இல்லையெனில், அவர் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. அதிக காலம் தங்கி இந்தியவாசியாகக் கருதப்பட்டாலும் முதல் சில ஆண்டுகள் அவர் ‘சாதாரணமாக வசிக்காதவர்’; சொந்த நாட்டில் அவருக்கு வரும் வாடகையையும் ஈவுத்தொகையையும் இந்தியா தொடுவதில்லை. பணமாக அல்லாத சலுகைகளுக்கான வரியை நிறுவனமே கட்டினால், அப்படிக் கட்டிய வரி அவருடைய வருமானத்தில் சேராது.

வீட்டைப் பார்ப்போம். நிறுவனம் குத்தகைக்கு எடுத்துத் தரும் வீட்டின் சலுகை மதிப்பு, உண்மையான வாடகை அல்லது சம்பளத்தில் 10 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. முன்பு இது 15 சதவீதமாக இருந்தது; 2023 செப்டம்பரில் மோடி அரசு குறைத்தது. ஆண்டுச் சம்பளம் 60 லட்சம், நிறுவனம் வீட்டுக்குக் கொடுக்கும் வாடகை 12 லட்சம் என்றால் வரிக்கணக்கில் ஏறுவது 6 லட்சம்தான். மீதி 6 லட்சம் வரியின்றிக் கிடைத்த வருமானம். இந்தச் சலுகை புதிய வரிமுறையிலும் தொடர்கிறது. சொந்தக் கையிலிருந்து வாடகை கொடுக்கும் இந்திய ஊழியருக்கோ புதிய முறையில் வாடகைக் கழிவே இல்லை. பழைய முறையில் உண்டு. ஆனால் 1962ஆம் ஆண்டு விதிகள் சம்பளத்தில் 50 சதவீதம் வரை கழிக்க அனுமதித்தது மும்பை, கல்கத்தா, டில்லி, சென்னை ஆகிய நான்கு நகரங்களில்தான். அந்த விதிகளில் பெங்களூரு 40 சதவீத ஊராக இருந்தது.

கம்பி கட்டும் தொழிலாளிக்கும் முதலாளி வீடு தருகிறார். தகரக் கொட்டகை. அதற்குச் சலுகை மதிப்பு கணக்கிட எந்த விதியும் தேவைப்படவில்லை.

கூட்டுத் தாக்கல் யாருக்கு?

கூட்டுக் கணக்குத் தாக்கல் வந்தால் என்ன நடக்கும் என்பதை எண்களில் பார்ப்பதே நல்லது. இப்போதைய அடுக்குகளின்படி ஒருவர் மட்டும் ஆண்டுக்கு 24 லட்ச ரூபாய் ஈட்டினால், கூடுதல் தீர்வை நீங்கலாக அவர் கட்டும் வரி 3 லட்சம். அதே வருமானத்தை இருவர் 12 லட்சமாகப் பகிர்ந்து காட்ட முடிந்தால், வரித் தள்ளுபடி இருவருக்கும் கிடைத்து வரி பூஜ்யமாகிவிடும். ஒரே கையெழுத்தில் 3 லட்சம் மிச்சம். ஆண்டு வருமானம் 4 லட்சத்தை எட்டாத தையல் தொழிலாளியின் குடும்பத்துக்கு இதனால் மிச்சமாவது எவ்வளவு? ஒரு காசும் இல்லை. கட்டாத வருமான வரியில் கழிவு தர எவராலும் முடியாது.

இதில் பெண்ணுக்கு எதிரான ஒரு கூறும் இருக்கிறது. ஜெர்மனியில் 1958 முதல் நடைமுறையில் உள்ள தம்பதியர் பகிர்வு முறையை அங்குள்ள பெண்கள் இயக்கங்கள் நெடுங்காலமாக எதிர்ப்பதற்கு அதுவே காரணம். கணவனின் வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடும்போது மனைவி ஈட்டும் முதல் ரூபாயே உயர்ந்த அடுக்கில் விழுகிறது. வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தால் குடும்பத்துக்கு லாபம் என்று சட்டமே கணக்குச் சொல்லிக் கொடுக்கிறது. மனுதர்மம் சொன்னதை வரி அட்டவணை வேறு மொழியில் சொல்கிறது.

பிரிட்டனின் அனுபவம் இன்னொன்றைக் காட்டுகிறது. அங்கே குழந்தைகளுக்கான வரிக்கழிவு தந்தையின் சம்பளத்தில் கிடைத்துவந்தது. வரி கட்டாத ஏழைத் தந்தைக்கு அதனால் பயனில்லை. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அதை நீக்கி, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தொகையைத் தாயின் கையில் நேரடியாகக் கொடுக்கும் முறை 1977க்கும் 1979க்கும் இடையே படிப்படியாக வந்தது. ஆண் தொழிலாளிகள் சட்டைப்பையிலிருந்து பணம் போகிறது என்று முணுமுணுப்பார்கள் எனத் தொழிற்கட்சி அரசே 1976இல் தயங்கியது. எதிர்ப்பு எழுந்த பின்னரே நிறைவேற்றியது. வரிக்கழிவு வருமானம் உள்ளவனுக்கு, நேரடித் தொகை எல்லாக் குழந்தைக்கும் என்ற வேறுபாடு, இப்போது கூட்டுத் தாக்கல் கேட்பவர்களின் பேச்சில் எங்கும் தென்படுவதில்லை.

தைப்பவர் கட்டும் வரி

வருமான வரி கட்டாதவர் வரியே கட்டாதவர் என்ற பொய்யை முதலில் உடைத்தாக வேண்டும். பொட்டலமிட்டு முத்திரையிட்ட அரிசிக்கும் கோதுமை மாவுக்கும் 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் வரி அடுக்குகளைக் குறைத்துத் திருவிழாக் கொண்டாடிய ஒன்றிய அரசு, பொட்டல அரிசியின் 5 சதவீதத்தை அப்படியே விட்டுவைத்தது. ஊரில் ஒரு அடுப்பு, பெங்களூரில் ஒரு அடுப்பு என்று இரண்டு சமையல் நடக்கும் குடும்பம் இந்த வரியை இரண்டு இடத்தில் கட்டுகிறது.

தங்குமிடத்துக்கும் வரி வந்தது. 2023 ஜூலையில் பெங்களூரில் உள்ள கர்நாடக முன்கூட்டிய தீர்ப்பு ஆணையம், விடுதிகளும் பேயிங் கெஸ்ட் அறைகளும் குடியிருப்பு அல்ல, ஆகவே 12 சதவீத ஜிஎஸ்டி உண்டு என்றது. ஓர் அறையில் நான்கு கட்டில் போட்டுத் தங்கும் உழைப்பாளி ‘வசிக்கவில்லை’ என்பது அதன் பொருள். எதிர்ப்புக்குப் பின் 2024 ஜூனில் ஜிஎஸ்டி கவுன்சில் மாதம் 20,000 ரூபாய் வரையிலான தங்குமிடத்துக்கு விலக்கு அளித்தது. ஆனால் தொடர்ந்து 90 நாள் தங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதிகாரி 90 நாளுக்குள் திரும்பினால் வரி இல்லை; தொழிலாளி 90 நாளுக்குள் வேலை போய்த் திரும்பினால் வரி உண்டு. இரண்டு விதிகளும் வேறு வேறு சட்டத்தில் இருப்பவை, ஒன்றையொன்று நினைத்து எழுதப்பட்டவை அல்ல. இருந்தும் எவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டன!

மாநில வரியும் இதே சாயலில்தான். கர்நாடகத்தில் மாதம் 25,000 ரூபாய் சம்பளம் வாங்குபவருக்குத் தொழில் வரி 200 ரூபாய். 5 லட்சம் வாங்குபவருக்கும் அதே 200 ரூபாய்தான். அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது, 1988இல் வைத்தது. பணவீக்கம் எத்தனை மடங்கு ஏறினாலும் செல்வந்தருக்கு அந்த வரம்பு நகரவில்லை.

2023இல் காங்கிரஸ் அரசு கொண்டுவந்த சக்தித் திட்டத்தில் பெண்களுக்கு அரசுப் பேருந்து இலவசம். ஆனால் கர்நாடக முகவரி கொண்ட அடையாள அட்டை வேண்டும். குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் கிருஹ லட்சுமித் திட்டத்துக்கும் அந்த மாநிலத்துக் குடும்ப அட்டை வேண்டும். ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் பென்னாகரமோ செங்கமோ எழுதியிருக்கும் தமிழ்ப் பெண், ஒரே தையற்கூடத்தில் பக்கத்து இயந்திரத்தில் தைக்கும் கன்னடத் தோழி இலவசமாகப் போகும் பேருந்தில் காசு கொடுத்துப் போகிறார். தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்தில் எந்த மாநிலப் பெண்ணும் கட்டணமின்றிப் போகலாம் என்பதை இங்கே நினைவுகூரலாம். இதை மொழிச் சண்டையாக்கக் காத்திருப்போர் இரு மாநிலங்களிலும் உண்டு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து அதே இயந்திரங்களில் தைக்கும் பெண்களுக்கும் இதே நிலைதான் என்பதை அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

பறிக்கப்பட்ட இடப்பெயர்வுப் படி

தொழிலாளியின் குடும்பம் பிளவுபடுவதற்கு ஒரு விலை உண்டு என்பதை இந்தியச் சட்டம் ஓரிடத்தில் ஒப்புக்கொண்டிருந்தது. மாநிலம்விட்டு மாநிலம் புலம்பெயரும் தொழிலாளர் சட்டம், 1979. ஒப்பந்ததாரர் அழைத்து வரும் தொழிலாளிக்கு, கூலிக்கு மேலாக, மாதக் கூலியில் பாதி அல்லது 75 ரூபாய், எது அதிகமோ அதை இடப்பெயர்வுப் படியாகத் தர வேண்டும். திருப்பிக் கேட்கக் கூடாது. போகவர பயணப்படியும், பயண நாட்களுக்குக் கூலியும் உண்டு. ஐந்து தொழிலாளிகள் இருந்தாலே சட்டம் பொருந்தும். கட்டுமானத் தளங்களில் இது எத்தனை பேருக்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்டால் விடை வெட்கக்கேடானது. ஆனாலும் கேட்பதற்கு ஓர் உரிமையாவது காகிதத்தில் இருந்தது.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு 1979ஆம் ஆண்டுச் சட்டத்தை விழுங்கியது. இடப்பெயர்வுப் படி காணாமல் போனது. ஐந்து பேர் என்ற வரம்பு பத்தானது. பயணப்படி மட்டும் எஞ்சியிருக்கிறது. அதே வேளையில் பணிமாற்றத்தில் ஊர் மாறும் ஊழியரின் பயணச் செலவுக்கு நிறுவனம் கொடுக்கும் படி புதிய வரிமுறையிலும் வரிவிலக்கோடு தொடர்கிறது. அதிகாரியின் இடமாற்றம் செலவு. தொழிலாளியின் இடப்பெயர்வு இனிச் செலவன்று.

இந்த மனப்பான்மையின் முழு உருவத்தைப் பெங்களூரு 2020 மே மாதம் கண்டது. ஊரடங்கில் கூலியின்றி நின்ற தொழிலாளிகள் ஊர் திரும்பச் சிறப்பு ரயில்கள் ஏற்பாடாயின. மே 5 அன்று கட்டுமான முதலாளிகள் முதலமைச்சர் எடியூரப்பாவைச் சந்தித்தனர். உடனே ரயில்களை வேண்டாம் என்று மாநில அரசு ரத்து செய்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகே முடிவு மாறியது. குடும்பத்தைப் பார்க்கப் போகும் உரிமையே கட்டடம் முடியும்வரை ஒத்திவைக்கத் தக்கதாகத் தோன்றியது அவர்களுக்கு. அதே ஆண்டு ஆடைத் தொழிலாளிக்குச் சேர வேண்டிய மாதம் சுமார் 417 ரூபாய் பஞ்சப்படியையும் அரசு தள்ளிவைத்தது. அதை மீட்க நீதிமன்றத்திலும் ஆலை வாயிலிலும் போராட வேண்டியிருந்தது.

சேமநிதியின் கதையும் இதோடு சேர்ந்தது. 2016 பட்ஜெட்டில் அருண் ஜேட்லி சேமநிதித் தொகையில் ஒரு பகுதிக்கு வரி போட முயன்றார். எதிர்ப்பால் மார்ச் 8 அன்று கைவிட்டார். ஆனால் முதலாளியின் பங்கை 58 வயதுக்கு முன் எடுக்கக் கூடாது என்ற பிப்ரவரி அறிவிக்கை நின்றது. தையற்கூடத்தில் 40 வயதைத் தாண்டி நிற்பதே அரிது. சேமநிதிதான் அந்தப் பெண்களுக்குப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், தாயின் அறுவை சிகிச்சை, வேலையற்ற மாதங்களின் கஞ்சி. ஏப்ரல் 18 அன்று ஓசூர் சாலை நிறைந்தது. மறுநாள் தும்கூர் சாலை. தடியடியும் கண்ணீர்ப்புகையும் வந்தன. ஏப்ரல் 19 மாலைக்குள் அறிவிக்கை திரும்பப் பெறப்பட்டது. எந்த மத்தியத் தொழிற்சங்கமும் அறைகூவல் விடுத்து நடந்த போராட்டம் அல்ல அது. பெரும்பாலும் பெண்களே தொடங்கினார்கள், சங்கங்கள் பின்னர் போய்ச் சேர்ந்தன. தோழர்கள் இதை மறைக்க வேண்டியதில்லை. குடும்பத்தின் சேமிப்பில் கை வைத்தால் என்ன நடக்கும் என்பதை அவர்கள் எந்தத் துண்டறிக்கையும் படிக்காமலே அறிந்திருந்தார்கள்.

இதற்கு நேரெதிரே ஒரு வழக்கு. அயல்நாட்டுப் பணியாளருக்குச் சேமநிதிப் பிடித்தம் முழுச் சம்பளத்தின் மீதும் என்று 2008இல் வந்த விதியை, அது சமத்துவத்துக்கு எதிரானது என்று கூறி, 2024 ஏப்ரல் 25 அன்று கர்நாடக உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. டில்லி உயர்நீதிமன்றம் 2025இல் மாறாகத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் சட்ட நியாயம் எதுவாயினும் ஆகட்டும். இந்தியத் தொழிலாளிக்கு 2014இல் நிர்ணயித்த 15,000 ரூபாய் சேமநிதி வரம்பு பதினொரு ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் இருந்தது.

கூலியில்தான் குடும்பம்

வருமான வரியில் தேடினால் தொழிலாளியின் குடும்பம் கிடைக்காது. அது கூலியில் இருக்கிறது. 1957இல் நடந்த 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலி மூன்று நுகர்வு அலகுகள் கொண்ட குடும்பத்தின் உணவு, ஆண்டுக்கு 72 கஜம் துணி, வாடகை, எரிபொருள் ஆகியவற்றை ஈடுசெய்ய வேண்டும் என்று முடிவு செய்தது. ரெப்டகாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் குழந்தைகளின் கல்வி, மருத்துவம் முதலியவற்றுக்காக அதில் மேலும் 25 சதவீதம் சேர்த்தது. இந்த அளவுகோலின்படி கூலியை உயர்த்த 2025 ஏப்ரலில் கர்நாடக அரசு வரைவு அறிவிக்கை வெளியிட்டபோது, முதலாளிகளின் அமைப்புகள் தொழில் ஓடிப்போகும் என்று கூக்குரலிட்டன. குடும்ப வரிச் சலுகை கேட்டுக் கட்டுரை எழுதியவர்கள் எவரும் அப்போது குடும்பத்தை நினைக்கவில்லை.

அந்த அளவுகோலிலும் குறை உண்டு. மூன்று அலகு என்றால் கணவன், மனைவி, இரு குழந்தைகள். ஊரில் பிள்ளைகளை வளர்க்கும் பாட்டி கணக்கில் இல்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு என்பது அதன் அனுமானம். இரண்டு வாடகை, இரண்டு அடுப்பு, மாதம் ஒருமுறை பேருந்துக் கட்டணம் என்ற புலம்பெயர் குடும்பத்தின் செலவை அது அறியாது.

இதைச் சொல்வதால் வருமான வரி கட்டும் ஊழியர் எதிரியாகிவிட மாட்டார். 2019 செப்டம்பரில் கார்ப்பரேட் வரியை 30லிருந்து 22 சதவீதமாகவும் புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீதமாகவும் வெட்டியபோது ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று நிதியமைச்சரே சொன்னார். 2023-24இல் கார்ப்பரேட் வரி வசூல் 9.11 லட்சம் கோடி. தனிநபர் வருமான வரி 10 லட்சம் கோடியைத் தாண்டியது. கம்பெனிகள் கட்டாததை ஒயிட்ஃபீல்டின் மென்பொருள் ஊழியர் கட்டுகிறார். 1957இல் வந்த செல்வ வரியை மோடி அரசு 2015இல் ஒழித்தது. வாரிசுச் சொத்து வரி 1985இலேயே போய்விட்டது. அவருடைய வரிச்சுமையைக் குறைக்கும் வழி கூட்டுத் தாக்கலில் இல்லை, அங்கேதான் இருக்கிறது.

பெங்களூரிலும் ஓசூரிலும் உள்ள தோழர்கள் பட்ஜெட் கூட்டங்களில் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் இங்கிருந்தே பிறக்கின்றன. இடப்பெயர்வுப் படியை மீண்டும் சட்டமாக்குதல்; மூன்று அலகை முதிய பெற்றோரையும் சேர்த்து உயர்த்துதல்; குழந்தைக்கான தொகையை வரிக்கழிவாக இல்லாமல் தாயின் கணக்கில் நேரடியாகத் தருதல்; பொட்டல அரிசி மீதான ஜிஎஸ்டியை நீக்குதல்; செல்வ வரியையும் வாரிசு வரியையும் மீட்டல். இவை டில்லியிடம் கேட்க வேண்டியவை. சக்திப் பேருந்தில் முகவரி நிபந்தனையை நீக்குவதற்கு டில்லிக்குப் போக வேண்டியதில்லை. பெங்களூரு விதான சௌதாவில் ஓர் அரசாணை போதும்.